மாமியார் வீட்டு ஆடுகள்

என் ஆராய்ச்சி அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு பொய் இருக்கிறது. அச்சடித்து, அட்டை போட்டு, பெரியவர்கள் கையெழுத்து வைத்த பொய். சினை ஆட்டின் உடம்பில் ஒரு குறிப்பிட்ட புரதம் எவ்வளவு உண்டாகிறது என்பதை ஆட்டின் மரபணு தீர்மானிக்கிறது, அது தின்னும் தீனி தீர்மானிக்கவில்லை என்று அதில் எழுதியிருக்கிறேன். மரபணுவைப் பற்றிச் சொன்னதில் தப்பில்லை. தீனியைப் பற்றி வாய்திறக்க எனக்கு உரிமையே கிடையாது. அது தெரிந்தேதான் எழுதினேன்.

அந்தப் புரதத்துக்குப் பிரியான் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், உங்கள் மூளையிலும் இருக்கிறது, என் மூளையிலும் இருக்கிறது. ஒழுங்காக மடிந்திருக்கும் வரை அதனால் யாருக்கும் தொந்தரவில்லை. தாறுமாறாக மடிந்துபோனால்தான் வினை. பக்கத்தில் இருப்பதையும் தன்னைப்போல் மடக்கி, கடைசியில் மூளையைச் சல்லடையாக்கிவிடும். ஆடுகளுக்கு வரும் அந்த நோயில் ஆடு சுவரில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்தே சாகும். தாயின் நஞ்சுக்கொடி வழியாகவும் அது பரவும். நல்ல புரதம் எங்கே அதிகமோ அங்கே கெட்டதற்கும் இடம் அதிகம். அதனால் நோயில்லாத ஆடுகளின் நஞ்சுக்கொடியில் நல்ல புரதம் எவ்வளவு இருக்கிறது, அது பிறவியால் கூடுகிறதா, தாய் தின்பதால் கூடுகிறதா என்று கண்டுபிடிப்பது என் வேலை. 

கொட்டகை தூத்துக்குடியில் துறைமுகச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, உப்பளங்களுக்குப் பின்னால் இருந்தது. உப்பு வியாபாரி ஒருவர் சாக்கு அடுக்கி வைத்திருந்த பழைய கிட்டங்கி. வேறு ஆடுகள் பக்கத்தில் வரக்கூடாது என்பதற்காக என் ஆராய்ச்சியை நடத்திய பேராசிரியர் அந்த இடத்தைப் பிடித்திருந்தார். கதவைத் திறந்தால் ஒரு பக்கம் ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல், இன்னொரு பக்கம் துறைமுகத்துக் கிரேன்களின் தலை. ஆடுகள் எட்டயபுரம் பக்கத்துக் கரிசலிலிருந்து வந்தவை. வெள்ளை உடம்பில் சிவப்புப் பொட்டு வைத்த நெட்டை ஆடுகள், பொட்டாடு என்பார்கள். காதில் எண் குத்தி, ரத்தம் எடுத்து மரபணு பார்த்து, கிடாயோடு சேர்த்து, இரண்டு கொட்டிலாகப் பிரித்தோம். ஒரு கொட்டிலுக்கு முழுத் தீனி. மற்றதற்குப் பாதி.

தீனி போட ஒரு ஆள் வேண்டும். கேட்ட இரண்டு பேரும் அவ்வளவு தூரம் வெயிலில் வர முடியாது என்றுவிட்டார்கள். மறுநாள் ஆடுகள் லாரியில் வந்து இறங்கப்போகின்றன. அவசரத்தில், கடற்கரைத் தெருவில் என் அம்மா வீட்டுக்கு நாலு வீடு தள்ளியிருந்த அக்காவைப் போய்க் கேட்டேன். ஐம்பது வயது இருக்கும். புருஷன் இல்லை. ஒரே மகளைத் திருச்செந்தூர் பக்கம் கடலோரத்து ஆலந்தலையில் கட்டிக்கொடுத்திருந்தாள். வீட்டு வாசலில் எப்போதும் ஒரு வெள்ளாடாவது நிற்கும், அதனோடு ஏதாவது பேசிக்கொண்டும் இருப்பாள்.

"வாரத்துக்கா ஏளா?" என்று கேட்டாள்.

வாரம் என்றால் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. ஆடு ஒருவருடையது, வளர்ப்பது இன்னொருவர். ஈன்ற குட்டியில் வளர்த்தவருக்குப் பங்கு உண்டு. எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. சினை ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டாலே குட்டியில் பங்கு ஒட்டிக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் அந்தத் தெருவில் நிறைய.

"இல்லக்கா, சம்பளம் உண்டு" என்றேன்.

"சம்பளம் இருக்கட்டும். குட்டியும் உண்டுல்லா? கவர்மென்டு ஆடு, அவங்களுக்கு எதுக்குளா அம்புட்டுக் குட்டி? எனக்கு ரெண்டு பொட்டைக்குட்டி போதும். மவளுக்குக் கொடுத்திருவேன். தடைக்காலம் வந்தா அங்கன போட்டைக் கரையில கட்டிருதாங்க, மருமவனும் வீட்டுல குந்திருதான். குட்டி நின்னா அதுவா பெருகும்."

நான் தலையாட்டினேன்.

அந்த ஆடுகளில் ஒன்றுகூட ஈனப்போவதில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். ஈன்ற பிறகு நஞ்சுக்கொடியை எடுத்துப் பிரயோசனமில்லை. குட்டி வயிற்றில் இருக்கும்போதே, ஈனுவதற்கு மூன்று வாரம் முன்னால் எல்லா ஆட்டையும் அறுத்து, கர்ப்பப்பையைத் திறந்து, நஞ்சுக்கொடி பொத்தான் பொத்தானாக ஒட்டியிருக்கும் இடங்களைக் கத்தரித்து எடுக்க வேண்டும். அது திட்டத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது. பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆள் கிடைத்த நிம்மதியில் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

ஆடுகள் சினைப்பட்டபோது நானும் மூன்று மாதம். என் வீட்டுக்காரர் கப்பலில் இருந்தார். நான் டவுனில் மாமியார் வீட்டில். அக்காவுக்கு இது ஒன்று போதாதா? முதல் வாரமே கொட்டில்களுக்குப் பெயர் வைத்துவிட்டாள். முழுத் தீனிக் கொட்டில் அம்மா வீடு. பாதித் தீனிக் கொட்டில் மாமியா வீடு.

"நீ எந்தக் கொட்டில்ளா?" என்று என்னைக் கேட்டுவிட்டு அவளே சிரிப்பாள். உண்மையில் என் மாமியார் நன்றாகத்தான் போட்டார், எனக்குத்தான் எதுவும் வயிற்றில் நிற்கவில்லை. அக்கா கொண்டுவந்த சாளை மீன் குழம்பு மட்டும் நின்றது. என்ன காரணமோ தெரியாது. மரபணுவா தீனியா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்தால் முதலில் எனக்குத்தான் வைப்பாள். வேண்டாம் என்றாலும் விடமாட்டாள். "வயித்தோட ஒரு உயிரு பாத்துக்கிட்டு நிக்கும்போது நமக்குத் தொண்டையில எறங்குமாளா?" என்பாள். சொல்லும்போது அவள் கண் மாமியா வீட்டுப் பக்கம் போகும். அவை தட்டிக்கு மேல் தலையை நீட்டிக் கத்திக்கொண்டு நிற்கும். அதில் ஒன்றுக்கு இரண்டு கண்ணையும் சுற்றிச் சிவப்பு வட்டம். கண்ணாடிக்காரி என்று கூப்பிடுவாள். அதன் வயிற்றில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ரெட்டை" என்றாள் ஒரு நாள். "மவளுக்கு இவ வயித்துக் குட்டிதான். ரெண்டும் பொட்டையா இருக்கணும்னு அந்தோணியாருக்குச் சொல்லிவச்சிருக்கேன்."

நான் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் எடை போட்டபோது இரண்டு கொட்டிலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தராசு கெட்டுவிட்டது என்று நினைத்தேன். இரண்டு மூட்டை உப்பை வைத்துப் பார்த்தேன், தராசில் ஒரு குறையும் இல்லை. மறுநாள் காலை, அக்கா வருவதற்கு முன்னால், மாமியா வீட்டுக்குள் போய்க் குனிந்து பார்த்தேன். தரையில் புழுக்கைக்கு நடுவே பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன விதைகள். ஆடு தின்றுவிட்டு, படுத்து அசைபோடும்போது கடினமான விதையைத் துப்பிவிடும். அவை உடங்காய் விதைகள். தேரிக்காட்டுப் பக்கம் குடைபோல நிற்கும் உடைமரத்தில் காய்க்கும் காய். சினை ஆட்டுக்கு அதைவிட நல்ல தீனி எங்கள் பக்கத்தில் கிடையாது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கும் வந்தது. அவள் சைக்கிளிலிருந்து இறங்குவதற்குள் கத்தினேன்.

"ஆமா, போட்டேன்" என்றாள் அக்கா. ஒளிக்கவே இல்லை. "ஒரு வீட்டுல பந்தி போட்டு, அடுத்த வீட்டுல பட்டினி போட்டா எந்தச் சாமிக்குளா அடுக்கும்? நான் உங்க தீவனத்தைத் தொடலை. நானே போயிப் பொறுக்கிட்டு வந்ததுதான்."

"அதுக்கில்லக்கா. குறைச்சுத் தின்னா அந்தப் புரதம் கூடுதா குறையுதான்னு பாக்கணும். நீங்க போட்டா மொத்தமும் வீணாப்போயிரும்."

"அது எங்கன இருக்கு, அந்தப் புரதம்?"

"வயித்துக்குள்ள. கொடியில."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். பிறகு கேட்டாள். "வயித்துக்குள்ள கெடக்கதை எப்பிடிளா பாப்பீங்க?"

அதைவிட நேரான கேள்வியை எந்தப் பேராசிரியரும் என்னிடம் கேட்டதில்லை. அதற்குப் பதில் ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே முந்தானையை உதறிவிட்டுப் போயிருப்பாள். ஏசியிருப்பாள், தெரு முழுக்கச் சொல்லியிருப்பாள். எனக்குத் தீனி போட ஆள் இல்லாமல் போயிருக்கும். இதெல்லாம் ஒரு நொடியில் எனக்குள் ஓடியது. முந்தின வாரம்தான் நான் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, அந்தப் படத்தை அவளிடம் காட்டியிருந்தேன். தலை எது, கை எது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஸ்கேன்தான்க்கா" என்றேன். "எனக்கு எடுத்தாங்கல்லா, அது மாதிரி."

அவள் முகம் தெளிந்துவிட்டது. "ஆட்டுக்குமா! சரி, சரி. இனிமே போடலை" என்றாள்.

போட்டாள். மறு வாரமும் விதை கிடந்தது, அதற்கு அடுத்த வாரமும் கிடந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் போனதும் செருப்பால் அந்த விதைகளைப் புழுக்கையோடு சேர்த்துத் தள்ளி மூலையில் ஒதுக்கினேன். இரக்கம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். இரக்கமும் கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் விதையைப் பற்றி நான் மறுபடி கேட்டால் அவளும் அந்தக் கேள்வியை மறுபடி கேட்பாளே என்ற பயம்தான் பெரியது. பேராசிரியர் போனில் கேட்டார். "பாதித் தீனி குரூப்ல வெயிட் ஏன்மா குறையலை?"

"இந்த இன ஆடுங்க தாங்குது சார்" என்றேன்.

அவர் அதை நம்பினார். என்னை நம்பாமல் இருக்க அவருக்குக் காரணம் எதுவும் இல்லை.

மே மாதக் கடைசியில் நாள் குறித்தார்கள். நான் அக்காவிடம் மூன்று நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஸ்கேன் எடுக்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், கொட்டகைக்குள் வேறு யாரும் இருக்கக்கூடாது என்றேன். இவ்வளவு பொய்யை இவ்வளவு சரளமாகச் சொல்ல வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவளுக்குச் சந்தோஷம்தான். மகளைப் பார்த்து ஒரு மாதமாயிற்று என்று ஆலந்தலைக்குப் பஸ் ஏறினாள். போகும்போது கண்ணாடிக்காரியின் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டுப் போனாள்.

அன்று கச்சான் காற்று தொடங்கியிருந்தது. உப்பும் மண்ணும் கலந்து முகத்தில் அடித்தது. பேராசிரியர் ஆட்களோடு வந்து இறங்கினார். என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "நீங்க உள்ள வரவேண்டாம், வெளியில உக்காந்து லேபிள் எழுதுங்க, போதும்" என்றார். நல்ல மனுஷர். நான் கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளேயிருந்து அவர்கள் சொல்லும் எண்ணைச் சின்னச் சின்னக் குப்பிகளில் எழுதி ஒட்டினேன். அவை புகை வரும் நைட்ரஜன் குடுவைக்குள் போயின. உள்ளே கத்தும் சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்தது. கண்ணாடிக்காரியின் எண் வந்தபோது, "இதுக்கு ரெண்டு செட் லேபிள் வேணும் மேடம்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. எழுதினேன். என் பிள்ளை அப்போது உதைத்தது. கையெழுத்துக் கோணிப்போய் ஒரு லேபிளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன்.

அக்கா மூன்று நாள் இருக்கவில்லை. மறுநாள் மத்தியானமே வந்துவிட்டாள். நான் வெறும் கொட்டிலில் பினாயில் ஊற்றிக் கழுவிய ஈரம் காயட்டும் என்று கதவுகளைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தேன். அவள் கையில் இரண்டு சின்னக் கழுத்துக்கயிறுகள். தடைக்காலத்தில் சும்மா இருந்த மருமகன் வலைக்கயிற்றில் பின்னிக் கொடுத்தது. பச்சையும் நீலமும் கலந்து, குட்டிக் கழுத்தை அறுக்காதபடி மெத்தென்று பின்னியிருந்தான்.

அம்மா வீட்டைப் பார்த்தாள். மாமியா வீட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. கடற்கரையில் பிறந்தவளுக்குக் கழுவிய தரை என்ன என்று தெரியும்.

"எல்லாமா?" என்றாள்.

"ஆமாக்கா."

"கண்ணாடிக்காரியுமா?"

"ஆமா."

ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் கேட்டது இதுதான். "ஒண்ணா, ரெண்டாளா?"

"ரெண்டு" என்றேன்.

"நான் சொன்னேன்லா" என்றாள். கயிறுகளைச் சேலைமடிப்பில் செருகிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினாள். தூக்குச்சட்டி கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து என் நாற்காலியில் வைத்துவிட்டுத்தான் போனாள். அன்றைக்கும் சாளைதான். நான் திறக்கவில்லை. அதற்குப் பிறகு என்னால் சாளைக் குழம்பு சாப்பிட முடியவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் சாப்பிட்டேன், இன்றும் சாப்பிடுகிறேன். அந்த ஒரு நாள் மட்டும் சாப்பிடவில்லை.

சோதனைக்கூடத்தில் பார்த்தபோது மரபணு வேறுபட்ட ஆடுகளுக்குள் வித்தியாசம் தெரிந்தது. கொட்டிலுக்குக் கொட்டில் வித்தியாசம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? இரண்டு கொட்டிலும் அம்மா வீடாகத்தான் இருந்தது. பேராசிரியருக்கு அது சுவாரசியமான முடிவாகப் பட்டது. பட்டினியைத் தாங்கும் இனம் என்று நான் போனில் அடித்துவிட்டதை அவரே திருத்தமான மொழியில் எழுதிச் சேர்த்தார். நான் உடங்காயைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால் அந்த ஆடுகள் சும்மா செத்தன என்று ஆகிவிடும், என் பட்டமும் போய்விடும். எழுதாமல் விட்டேன். அதனால் அவை சும்மா செத்தது மட்டுமில்லை, ஒரு பொய்க்காகவும் செத்தன. இந்தக் கணக்கு எனக்குப் புரிய வருடங்கள் ஆயின.

இரண்டு பொட்டைக்குட்டி வாங்கி ஆலந்தலைக்கு அனுப்புவது எனக்கு அப்போதும் பெரிய காரியமில்லை. அதைக்கூடச் செய்யவில்லை. அனுப்பினால் அன்று தலையாட்டியது சம்மதம்தான் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தேன். எவ்வளவு அற்பம் பாருங்கள். அக்கா அந்த மழைக்காலத்துக்கு முன்பே வீட்டைக் காலி செய்து மகளோடு போய்விட்டாள் என்று அம்மா சொன்னாள். மகள் இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போகிறாளாம், ஐஸ் தண்ணீரில் கை வைத்து வைத்து விரலெல்லாம் வெந்துகிடக்கிறதாம். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

போன வருடம் திருச்செந்தூர் பஸ்ஸுக்காக நானும் என் மகளும் பழைய பேருந்து நிலையத்தில் நின்றிருந்தோம். மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. மக்ரூன் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு அம்மாள் எதிரே வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது, ஆனால் நடை மாறவில்லை. அக்காதான். என்னை உடனே தெரிந்துகொண்டாள். என்னைவிட முதலில் மகளைத்தான் பார்த்தாள், தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"இதாளா அன்னிக்குப் படத்துல பாத்தது? நல்லாத் தின்னுதாளா?"

"தின்னுதாக்கா."

பஸ் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று பதறினேன். "அக்கா, நான் அன்னிக்கு உங்ககிட்ட ஸ்கேன்னு பொய் சொன்னேன். அறுக்கப்போறோம்னு மொதல் நாளே எனக்குத் தெரியும். நீங்க உடங்காய் போட்டுக்கிட்டேதான் இருந்தீங்க, அதுவும் தெரியும். தெரிஞ்சே விட்டேன். மன்னிச்சிருங்க." மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டில் அம்மா அழுவதை அவள் அதுவரை பார்த்ததில்லை.

அக்கா அவசரப்படவில்லை. என் மகள் கையில் ஒரு மக்ரூனை எடுத்து வைத்தாள். பிறகு சொன்னாள்.

"அறுக்கப்போறீங்கன்னு நீ சொல்லியிருந்தாலும் நான் உடங்காய் போட்டிருப்பேன்ளா. வயித்தோட நிக்கிறதைப் பட்டினியா விடமுடியாதுல்லா. மவகிட்ட மட்டும், குட்டி வருதுன்னு சொல்லியிருக்க மாட்டேன்."